இருவரும் மேஜர்

செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி அது. 'காதல் ஜோடி போலீஸில் தஞ்சம்.' மாலையும் கழுத்துமாக ஒரு படம், கீழே ஏழெட்டு வரி. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பாதுகாப்புக் கேட்டு மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் இரு வீட்டாரையும் அழைத்துப் பேசினார். பெண் வீட்டார் ஏற்க மறுத்தார்கள். 'இருவரும் மேஜர் என்பதால் பெண்ணை கணவருடன் போலீஸார் அனுப்பி வைத்தனர்.' பல்லடம் செய்தியானாலும் பரமக்குடி செய்தியானாலும் கடைசி வரி மாறாது.

'தஞ்சம்' என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் அதிகம் புழங்குவது இரண்டு இடங்களில்தான். ஒன்று இந்தக் காதல் ஜோடி. இன்னொன்று, தனுஷ்கோடி மணல்திட்டில் படகிலிருந்து இறக்கிவிடப்படும் இலங்கைத் தமிழர்கள். முதல் வகையினர் வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள். இரண்டாவது வகையினர் நாட்டை விட்டு ஓடி வந்தவர்கள். இந்த இரண்டிலும் சேராத, சில நேரம் இரண்டிலுமே சேர்கிற சிலர் உண்டு. தன் பாலினத்தவரையே நேசிப்பதால் முதலில் வீட்டையும் பிறகு நாட்டையும் விட்டுப் போக வேண்டியிருப்பவர்கள். அவர்களைப் பற்றிய செய்தி வந்தால், கடைசி வரி அவ்வளவு சுலபமாக எழுதப்படுவதில்லை.

கோவை - திருச்சி சாலையில் பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே இருக்கிறது பொங்கலூர். விசைத்தறி, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு, நூல் மில் என்று கலந்து கிடக்கும் பகுதி. விடிந்தால் பனியன் கம்பெனி வேன்களும் மில் பஸ்களும் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றும். இங்கே இரண்டு பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு செக்கிங் வேலை, இன்னொருத்தி ஓவர்லாக் டெய்லர். ஒரே வேனில் போய், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஒன்றாகத் திரும்புகிறார்கள். யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு பையனோடு பத்து நிமிடம் நின்று பேசினால் மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டு பெண்கள் பத்து வருடம் கைகோத்து நடந்தாலும் 'ரெண்டும் இணைபிரியாத ஃப்ரெண்ட்ஸ்' என்று பெருமையாகச் சொல்வார்கள். பெண்களின் பிரியத்தை ஊர் பொருட்படுத்துவதே இல்லை, அதனால் அது கண்ணில் படுவதும் இல்லை. ஒரு வகையில் அதுதான் அவர்களுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு.

மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் நாள் வரைக்கும்தான் அந்தப் பாதுகாப்பு. ஜாதகம் வெளியே போனதும் ஒருத்தி வாய் திறக்க வேண்டியிருக்கிறது. திறந்தால் அடி, போன் பறிப்பு, வேலைக்கு முழுக்கு, கோயில் கோயிலாக மந்திரிப்பு. ஆகவே ஒரு சனிக்கிழமை, வாரச் சம்பளம் கைக்கு வந்த இரவு, இருவரும் கிளம்பிவிடுகிறார்கள்.

எங்கே போவது? காதல் ஜோடிக்கு இருக்கும் மூன்று ஆயுதங்களும் இவர்களிடம் இல்லை. கோயிலில் தாலி கட்டிய போட்டோ கிடையாது. ரிஜிஸ்டர் ஆபீஸ் சான்றிதழ் கிடையாது. ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தருவது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-ல் சொல்லிவிட்டது. மூன்றாவது, 'இவர் என் கணவர்' என்று ஸ்டேஷனில் உரக்கச் சொல்லும் வாய்ப்பு. அதுவும் கிடையாது. இவர்கள் போய்ச் சேருவதற்குள் 'பெண் மாயம்' என்ற வழக்கு பதிவாகியிருக்கும். தஞ்சம் கேட்டுப் போகும் அதே ஸ்டேஷனில்தான் இவர்களைத் தேடும் காகிதமும் கிடக்கும். "ஏனுங் சார், ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க, இதுல என்னத்தைக் கண்டுச்சுங்க" என்று அப்பா அழுவார். "வா கண்ணு, ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்று மாமா கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் 18 வயது தாண்டிவிட்டதை அந்த அறையில் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

இது கற்பனை. நிஜமாக நடந்தது மதுரையில்.

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20, வீட்டை விட்டு சென்னைக்கு வந்தார்கள். தன்னார்வ அமைப்புகள் தங்க இடம் கொடுத்தன. இரு வீட்டாரும் தனித்தனியாக மகளைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் தேடிக்கொண்டு சென்னைக்கே வந்தது. பயந்துபோன இருவரும் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். 'சுஷ்மா வழக்கு' என்று இன்று சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் வழக்கு அதுதான்.

நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்கில் நடந்துகொண்ட விதம் இந்திய நீதிமன்றங்களில் அபூர்வம். பெண்களையும் பெற்றோரையும் தனித்தனியே மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு, இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று பகிரங்கமாகச் சொல்லி, தீர்ப்பு எழுதும் முன் தானும் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். சமுதாயத்தில் பெரும்பான்மையோருக்கு உள்ள அறியாமை தன்னிடமும் இருந்தது என்று உத்தரவிலேயே பதிவு செய்தார். 'எல்லாம் தெரிந்த' இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

பெற்றோர் சொன்னதாக ஆலோசகர் பதிவு செய்த ஒரு விஷயம் மனதைப் பிசையும். தங்கள் மகள்கள் சேர்ந்து வாழ்வதைவிட, காலம் முழுக்கத் துணையே இல்லாமல் தனியாக இருந்துவிட்டாலும் பரவாயில்லை என்பதே அவர்கள் எண்ணமாக இருந்தது. அவர்கள் கொடூரமானவர்கள் அல்ல. பிள்ளைகளின் பாதுகாப்பை நினைத்துப் பயந்தவர்கள், ஊர்ப் பேச்சுக்கு நடுங்கியவர்கள். ஆனால் மகளின் சந்தோஷம், ஊர்வாய் இரண்டையும் தராசில் வைத்தபோது எந்தத் தட்டு தாழ்ந்தது என்பதும் அந்தப் பதிவில் இருக்கிறது.

2021 ஜூன் 7-ல் வந்த இடைக்கால உத்தரவு, காணவில்லை என்ற புகாரை விசாரிக்கும்போது சம்பந்தப்பட்டவர்கள் வயதுவந்த, சம்மதத்தோடு சேர்ந்திருக்கும் பால்புதுமையர் என்று தெரியவந்தால், அவர்கள் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு எந்தத் தொந்தரவும் தராமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்றது. சுற்றி வளைக்காமல் சொன்னால், 'இருவரும் மேஜர்' என்ற அந்தப் பழைய கடைசி வரி இவர்களுக்கும் பொருந்தும். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை செய்வதற்கும் அதே உத்தரவு தடை போட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய 'சிகிச்சை' தொழில் நெறி மீறல் என்று அறிவித்தது. இன்றைக்கும் 'சரிசெய்து தருகிறேன்' என்று யாராவது டாக்டர் சொன்னால், அவர் பதிவுக்கே ஆபத்து.

உத்தரவு வந்தும் போலீஸ் தொந்தரவு நிற்கவில்லை என்று நீதிமன்றத்துக்குத் தெரியவந்தது. 2022 பிப்ரவரியில் காவலர் நடத்தை விதிகளில் புதிதாக ஒரு விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரையும், அவர்களுக்காகப் பாடுபடுகிறவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்ற விதி. மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது என்று தமிழ்நாடு காலரைத் தூக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் 2025-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து வந்த வழக்கைப் படித்தால் தூக்கிய காலர் தானாக இறங்கும்.

25 வயதுப் பெண் ஒருவரை அவர் வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய துணைவி ஆட்கொணர்வு மனு போட்டார். பெண் நீதிமன்றத்தில் நேரில் வந்து, போலீஸ் தன்னைக் கட்டாயப்படுத்திப் பெற்றோருடன் அனுப்பியதாகவும், வீட்டில் அடி விழுந்ததாகவும், 'சரியாக்க' சடங்குகள் செய்ததாகவும் சொன்னார். 2025 மே 22-ல் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவரை விருப்பப்படி போகச் சொல்லி உத்தரவிட்டது. திருமணம்தான் குடும்பத்தை உருவாக்கும் ஒரே வழி அல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்றும் ஒன்று உண்டு என்றது. சுஷ்மா தீர்ப்பு வந்து நான்கு வருடம், போலீஸ் விதி மாறி மூன்று வருடம் கழித்து நடந்தது இது.

அந்த வழக்கில் ஒரு சின்ன விவரம். மனு போட்டவர் தன்னை 'நெருங்கிய தோழி' என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். உறவு என்ன என்பதை எழுதவில்லை. இந்தச் சமூகத்தில் அப்படித் தயங்கியது புரிந்துகொள்ளக்கூடியதே என்று நீதிபதிகள் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள். இந்த 'நெருங்கிய தோழி'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டிப் போனால் இதே வார்த்தை ஒருவரின் வாழ்க்கையை முடித்துவிடும்.

'இங்கேதான் இப்படி, வெளிநாட்டுக்குப் போய்விட்டால் நிம்மதி' என்று நினைக்கிற இளைஞர்கள் உண்டு. வெளிநாட்டில் தஞ்சம் கேட்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் காணும்.

அகதி யார் என்று உலகம் வகுத்துக்கொண்டது 1951-ல், ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, 'குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பினராக இருப்பது' என ஐந்து காரணங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருந்தால் தஞ்சம் உண்டு. தன்பாலீர்ப்பு பட்டியலில் இல்லை. ஐந்தாவது காரணம் என்ற ஜன்னல் வழியாகத்தான் இவர்கள் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1990-ல் கியூபாக்காரர் ஒருவரின் வழக்கில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் ஜன்னலைத் திறந்தது. 1994-ல் அது எல்லா வழக்குகளுக்குமான முன்னுதாரணம் ஆனது. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை, இலங்கையும் இல்லை என்பது தனிக் கதை.

ஜன்னல் திறந்ததும் வந்த முதல் தடை நமக்கு ரொம்பவும் பழக்கப்பட்டது. 'நீ அப்படி இருப்பது சரி, அதை ஏன் வெளியே காட்டிக்கொள்கிறாய்? உன் ஊரிலேயே அடக்கமாக இருந்தால் யார் உன்னைத் தொடப்போகிறார்கள்?' கிராமத்தில் பெரியப்பா சொல்வாரே, 'எது எப்படியோ, ஊருக்காக ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோ, மத்ததை மறைச்சு வெச்சுக்கோ' என்று. கோட்டு போட்ட அதிகாரிகள் அதையே நல்ல ஆங்கிலத்தில் எழுதி மனுக்களைத் தள்ளினார்கள். ஆஸ்திரேலியாவில் பங்களாதேஷைச் சேர்ந்த இரண்டு ஆண்கள் வழக்கில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 2003 டிசம்பரில் இதைத் தவறு என்றது. நாலுக்கு மூன்று என்ற நூலிழைப் பெரும்பான்மையில். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த முடிவுக்கு வர 2010 ஜூலை 7 வரை ஆனது. ஈரான்காரர் ஒருவர், கேமரூன்காரர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. பயத்தினால் ஒருவன் தன்னை மறைத்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தால், அந்த மறைப்பைக் காரணம் காட்டியே தஞ்சத்தை மறுக்க முடியாது என்றார்கள் ஐந்து நீதிபதிகளும்.

அடக்கமாக இரு என்று சொல்ல முடியாமல் போனதும் அடுத்த கேள்வி கிளம்பியது. நீ நிஜமாகவே அப்படிப்பட்டவன்தானா?

இதை நிரூபிப்பது எப்படி? அரசியல் கட்சிக்காரர் உறுப்பினர் அட்டையைக் காட்டலாம். போரில் காயம்பட்டவர் தழும்பைக் காட்டலாம். வாழ்நாள் முழுக்க எந்த அடையாளமும் வெளியே தெரியக்கூடாது என்று கவனமாக இருந்தவரிடம் என்ன இருக்கும்? கடிதங்களைக் கிழித்திருப்பார், போட்டோக்களை அழித்திருப்பார். மறைப்பதில் எவ்வளவு கெட்டிக்காரரோ, நிரூபிப்பதில் அவ்வளவு ஏழை. நெதர்லாந்தில் தஞ்சம் கேட்ட ஒருவர், வேறு வழி தெரியாமல் தன் அந்தரங்க வீடியோவையே சாட்சியாகத் தரத் தயாரானார். ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பர் 2-ல், அப்படிப்பட்ட சாட்சியை அவரே விரும்பிக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது, படுக்கையறைக் கேள்விகள் கேட்கக் கூடாது என்றது. ஹங்கேரியில் நைஜீரியாக்காரர் ஒருவரை மனோதத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்றார்கள். மழையில் நிற்கும் ஒரு மனிதனை வரையச் சொன்னார்கள். வரைந்த படத்தைப் பார்த்து, இவர் சொல்வதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று முடிவு கட்டினார்கள். 2018 ஜனவரியில் அதே ஐரோப்பிய நீதிமன்றம் இந்தச் சோதனைகளுக்கும் தடை போட்டது. மழையில் நனையும் மனிதனின் படத்தை வைத்து ஒருவர் யாரை நேசிக்கிறார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பியவர்களை நினைத்தால் கோபத்தைவிடச் சிரிப்புதான் முந்துகிறது.

தமிழர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவரும் தமிழர். லண்டன் ஈஸ்ட்ஹாமிலோ டொரண்டோ ஸ்கார்பரோவிலோ அதே கோயில், அதே மளிகைக்கடை, அதே கல்யாண மண்டபம். இன்றைக்கு இவர் காதில் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை யார் காதில் விழுமோ, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கோ தாராபுரத்துக்கோ வாட்ஸ்அப்பில் எப்போது போய்ச் சேருமோ? நாக்கு எழாது. சொந்தச் சமூகத்து மொழிபெயர்ப்பாளர் முன்னால் பேசத் தயங்குவார்கள், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே எச்சரிக்கிறது.

சரி, தைரியமாகப் பேசுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் தமிழ் வார்த்தையில் பேசுவது? வீட்டிலும் தெருவிலும் அவர் கேட்டு வளர்ந்தவை எல்லாம் வசைச் சொற்கள். பத்திரிகைகள் பல காலம் எழுதிய 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல், செயலை மட்டும் சொல்கிறது, பிரியத்தைச் சொல்வதில்லை. போலீஸ் எஃப்.ஐ.ஆரில் எழுத வசதியான சொல் அது; ஒரு மனுஷி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக் கூசும் சொல். ஆகவே அவர், 'அவளும் நானும் ரொம்ப நெருக்கமான தோழிகள்' என்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே 'தோழி' என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். தட்டச்சாகிறது. ஆறு மாதம் கழித்து வழக்கறிஞரிடம் மனம் திறந்து உறவைச் சொன்னால், 'முதல் விசாரணையில் தோழி என்றார், இப்போது காதலி என்கிறார், முன்னுக்குப் பின் முரண்' என்று நிராகரிப்புக் கடிதம் வரலாம். வேலூர் வழக்கில் நீதிபதிகள் புரிந்துகொண்ட அதே தயக்கம், அங்கே பொய்யாக எண்ணப்படும். தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக நம்பாமல் இருக்கக் கூடாது என்று 2014 தீர்ப்பு சொல்கிறது. நடைமுறையில் அது அதிகாரிக்கு அதிகாரி மாறும். கட்டாயக் கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

திருநங்கை என்ற சொல் வந்த பிறகு அரசு அலுவலகங்களில் பேச்சே மாறியதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் அரசிதழில் ஒரு சொற்பட்டியல் வந்தது. மரியாதையான சொற்களைக் காவல் துறையும் பத்திரிகைகளும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக. பால்புதுமையர், தன்பாலீர்ப்பாளர் என்ற சொற்கள் இப்போது மெல்ல மெல்லப் பழகிவருகின்றன. 'வார்த்தையில் என்ன இருக்கிறது' என்று கேட்பவர்கள், அந்த விசாரணை அறையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் தாண்டி நம்பினாலும், இன்னொரு கதவு இருக்கிறது. 'உன் ஊரில் ஆபத்து என்றால், உன் நாட்டிலேயே வேறு பெரிய ஊருக்குப் போகலாமே?' பிரிட்டனின் மேல் தீர்ப்பாயம் 2014-ல் இந்தியர் ஒருவரின் வழக்கில் இதைத்தான் சொன்னது: பொதுவாக, தன்பாலீர்ப்பு ஆண்கள் இந்தியாவின் ஒரு பெருநகருக்கு இடம்பெயர்ந்து வாழ முடியும், அங்கே ஆதரவு அமைப்புகள் உண்டு. அப்போது இந்தியாவில் 377-வது பிரிவு உயிரோடு இருந்தது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கிய பிறகு, 'உன் நாட்டில்தான் குற்றமே இல்லையே' என்ற பதிலும் சேர்ந்துகொண்டது. இங்கே கொண்டாடப்பட்ட தீர்ப்பு, அங்கே தஞ்சம் கேட்டுக் காத்திருந்தவர்களின் மனுக்களைப் பலவீனமாக்கியது. விந்தைதான், ஆனால் தர்க்கப்படி சரி.

இலங்கையில் அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. 1883-ம் வருடத்துத் தண்டனைச் சட்டம், 365, 365ஏ பிரிவுகள். 1995-ல் திருத்தியபோது நீக்குவார்கள் என்று பார்த்தால், பெண்களையும் சேர்த்துக் குற்றமாக்கினார்கள். இதை எதிர்த்து ரொசானா பிளேமர் கல்டேரா என்ற செயற்பாட்டாளர் ஐ.நா. வரை போனார். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022-ல் அவர் பக்கம் நின்றது. சட்டத்தை நீக்க ஒரு தனிநபர் மசோதா 2023-ல் வந்தது, உச்ச நீதிமன்றமும் தடையில்லை என்றது, மசோதா நிறைவேறவில்லை. இப்படிச் சட்டப் புத்தகத்திலேயே குற்றமாக இருக்கும் நாட்டிலிருந்து போனவர்களிடமும், அங்கே பொதுவாக நடத்தும் விதம் துன்புறுத்தல் என்ற அளவை எட்டவில்லை, தேவைப்பட்டால் கொழும்புக்குப் போய் வாழலாம் என்றது பிரிட்டன் தீர்ப்பாயம், 2015-ல். முல்லைத்தீவுத் தமிழ் இளைஞனுக்குக் கொழும்பு எவ்வளவு 'பாதுகாப்பான வேறு ஊர்' என்பது தமிழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. படகில் ஆஸ்திரேலியா கிளம்பியவர்கள் நிலைமை இன்னும் மோசம். 2013-க்குப் பிறகு ஆண்கள் பலர் அனுப்பப்பட்ட மனுஸ் தீவு, பப்புவா நியூ கினியைச் சேர்ந்தது. அங்கே ஆண்களுக்கு இடையிலான உறவுக்கு 14 வருடம் வரை சிறை. பயந்து ஓடி வந்த காரணமே போய்ச் சேர்ந்த இடத்திலும் குற்றம்.

'வேறு ஊருக்குப் போ' என்ற யோசனையை எழுதிய நீதிபதிகளுக்குத் திருப்பூர் தெரிந்திருக்காது. வேறு ஊர்க்காரர்களாலேயே ஆன ஊர் அது. தேனி, திருவண்ணாமலையில் தொடங்கி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் வரைக்கும் ஆட்கள் வந்து குவிகிற இடம். யார் பெற்ற பிள்ளை என்று கேட்காமல் வேலை கொடுப்பார்கள். லைன் வீட்டில் இரண்டு பெண்கள் 'அக்கா தங்கச்சி' என்று சொல்லி வாடகைக்கு இருந்துவிட முடியும். தீர்ப்பாயம் சொன்ன 'பெருநகர அடைக்கலம்' ஒரு வகையில் இங்கே நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அக்கா தங்கச்சி என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான். ஆதார் கார்டைக் கேட்டால் அப்பா பெயர் இரண்டு வேறு. கம்பெனியில் சொந்த ஊர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டால் போதும், மறுநாள் வேனில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். இதே மாவட்டத்தில், உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, 2016 மார்ச் 13-ல் பட்டப்பகலில் சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டதை, சங்கர் உயிரிழந்ததை, யாரும் மறந்திருக்க முடியாது. அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி. தாலியும் சான்றிதழும் இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

வெளிநாட்டுத் தஞ்சம் என்பதற்கு முதலில் வெளிநாட்டில் கால் வைக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், ஸ்டூடண்ட் விசா என்றால் லட்சக்கணக்கில் ஃபீஸ். அமெரிக்கா போனால், போய்ச் சேர்ந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு வேறு. பொங்கலூர் தறிக் குடோனில் வேலை செய்யும் பெண்ணுக்கு இதில் எதுவும் எட்டாது. அவளுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பல்லடமோ, திருப்பூரோ, அதிகம் போனால் சென்னையோதான். அதனால்தான் சுஷ்மா தீர்ப்பும் வேலூர் தீர்ப்பும் லண்டன் தீர்ப்பைவிட அவளுக்கு முக்கியம்.

2024 மார்ச் 11-ல் உச்ச நீதிமன்றமும், கேரள வழக்கு ஒன்றில், எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டுதல் கொடுத்தது. இப்படிப்பட்ட ஆட்கொணர்வு மனு வந்தால் அந்த நபரை அவசரமாக நேரில் வரவழைத்து, குடும்பத்தாரின் நெருக்கடி இல்லாமல் தனியாகக் கேட்க வேண்டும். மனதை மாற்றும் நோக்கத்தோடு கவுன்சலிங்குக்கு அனுப்பக் கூடாது. சேர்ந்து வாழ்பவர்களின் உறவைப் பதிவு செய்ய 'குடும்ப உறவு ஒப்பந்தம்' போல ஒரு பத்திர முறை கொண்டுவர முடியுமா என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் தமிழக அரசிடம் கேட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது, வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் என்பதெல்லாம் அது வந்தால்தான் தீரும்.

இப்போதைக்கு வீட்டில் அடைபட்டிருக்கிறவர்களோ, கிளம்பத் தீர்மானித்தவர்களோ செய்யக்கூடியவை சில உண்டு. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இரண்டும் பெரும்பாலும் அப்பாவின் பீரோவில்தான் பூட்டிக் கிடக்கும். வயதை நிரூபிக்க மதிப்பெண் சான்றிதழ்தான் ஆதாரம், இரண்டையும் போட்டோவாவது எடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வைப்பது நல்லது. 'என் விருப்பத்தோடுதான் போகிறேன், என்னை யாரும் கடத்தவில்லை' என்று கைப்பட எழுதித் தேதியிட்டு, ஸ்பீட் போஸ்டில் எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்பினால், பின்னால் மாயமான வழக்கு வரும்போது கைகொடுக்கும். 181 பெண்களுக்கான உதவி எண். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே வழக்கறிஞர் தருவார்கள். திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலும் கேட்கலாம். 2021 ஜூன் 7 உத்தரவின் நகலை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது இருப்பது தெரியாத ஸ்டேஷன்கள் இன்னும் இருக்கக்கூடும். பிள்ளை சொன்னது புரியாமல் தூக்கம் தொலைத்திருக்கும் அம்மா அப்பாக்களும், மந்திரிப்பவரிடம் போவதற்கு முன்னால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தங்களுக்காக ஓர் ஓ.பி. சீட்டு போட்டுப் பேசிவிட்டு வரலாம்.